உப்பு ஏரியில் கஞ்சி போட்ட உடுப்பு

தம்பியின் இடது கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டதும் நான் விசாவுக்குப் போட்டேன். போய் அவனைப் பார்க்க வேண்டும், வாய்க்கு ருசியாக ஏதாவது சமைத்துப் போட வேண்டும், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். எழுபது கடந்த வயதில் தனியாக விமானம் ஏறி, இடையில் ஒரு நாட்டில் மாறி, ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் சிட்னியில் இறங்கினேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் என்னோடு விமானத்தில் வந்தவர்களின் முகங்களை நினைவில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போகத் தெரியும். அது போதும்.

தம்பி சிவம் பிளாக்டவுனில் இருக்கிறான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கீர்த்தி வேலைக்குப் போய்க்கொண்டு அவனோடு இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பவும் தமிழில் சொல்வாள். நல்ல பிள்ளை.

தேத்தண்ணி குடித்த கையோடு தம்பி என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கட்டில் விரிப்பால் மூடியிருந்த எதையோ காட்டி, கலியாண வீட்டில் பொம்பிளையைக் காட்டுகிறவன் மாதிரி மெல்ல விலக்கினான். உள்ளே ஒரு ஏ ஃபோர்ட்டி கார். ஊரில் அவன் வாடகைக்கு ஓட்டியதும் இதே வகைக் கார்தான். ஆனால் இதன் கூரையை இடையில் அரிந்து எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பதித்து ஒட்டியிருந்தான். கண்ணாடி ஒரு சாண் உயரம்கூட இல்லை. யாரோ தலையில் கை வைத்து அமுக்கின மாதிரி இருந்தது.

"கூரையை ஏன்ரா வெட்டினனி?"

"காத்து வழுக்கிக்கொண்டு போகோணும், அக்கா."

"பெயின்ற் அடிக்கேல்லையோ?"

"பெயின்ற் பாரம்."

"பின் சீற் எங்க?"

"அதுவும் பாரம்."

நல்ல காரைப் பிடித்து இப்படிச் சித்திரவதை செய்வதற்கு இந்த நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது. ஹொட் ரொட் என்கிறார்கள். பாட்டன் காலத்துக் காரை எடுத்து, வேண்டாததைக் கழற்றி, வெட்டி, பதித்து, பெரிய எஞ்சினைப் பூட்டி ஓடுவது. கொஞ்சம் கண்டிப்பானவர்கள் புதுச் சாமான் ஒன்றும் போட மாட்டார்களாம். விளக்கு, சில்லு, ஆணி எல்லாம் அந்தக் காலத்தது என்றால்தான் மதிப்பு.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் பெற்றோல் இல்லை. தம்பி மண்ணெண்ணெயில் கார் ஓட்டினான். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சேலைன் போத்தலில் இருந்து பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவான். ஊரெல்லாம் குசினி மணம் அடிக்கும். பிள்ளைப்பேற்றுக்கும் அதே கார், பிரேதத்துக்கும் அதே கார். இந்த நாட்டுக்காரர் விருப்பத்துக்குச் செய்கிறதை நாங்கள் வழி இல்லாமல் செய்தோம். அதனால் எனக்கு இது பெரிய புதினமாகப் படவில்லை.

தென் ஆஸ்திரேலியாவில் ஒரு உப்பு ஏரி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இந்த ஆட்கள் அங்கே கூடுவார்கள். ஒருவரை ஒருவர் முந்துகிற போட்டி இல்லை. ஒருவர் தனியாக ஓடி முடித்த பிறகுதான் அடுத்தவர் ஓடலாம். எவ்வளவு வேகம் என்று அளந்து சொல்வார்கள். தம்பிக்கு வேண்டியது மணிக்கு நூறு மைல். ஒரு வருடம் கியர் பெட்டி உடைந்தது. பிறகு ஒரு வருடம் மழை பெய்து ஏரியில் தண்ணீர் நின்றது. நூறு இன்னும் கிட்டவில்லை.

கீர்த்தி குசினியில் என்னிடம் மெல்லச் சொன்னாள். "மாமி, கண் டொக்டர் இந்த வருசம் ஓடலாமெண்டு சைன் பண்ணிட்டார். அடுத்த வருசம் தன்னட்ட வரவேண்டாமாம். அப்பாக்கு இதுதான் கடைசி."

"கொப்பருக்குத் தெரியுமோ?"

"ஓம். அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்."

கதைக்காதவனுக்காகக் கதைக்கத்தான் அக்கா இருக்கிறேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு அந்தக் காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வைத்தேன். புதுக் கார்களுக்குப் பூசை செய்ய வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாம் வெள்ளை வெளேர் என்ற கார்கள். அவர்களுக்கு நடுவில் கூரை பதிந்த, துருப்பிடித்த எங்கள் கார். ஒரு தகப்பன் தம்பியிடம் கேட்டார்: "அக்சிடென்ற் பட்டதோ, அண்ணை?" தம்பி சிரித்துக்கொண்டு, "இல்லை, நானாச் செய்தது" என்றான். ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, என் கையில் நாலு தேசிக்காய் தந்தார். வெளிக்கிடும்போது சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கவேண்டும். நான் அதை ஏரியில் வைத்துச் செய்வது என்று முடிவெடுத்தேன். ஓடப்போகிற இடத்தில் செய்வதுதான் முறை.

புறப்படுவதற்கு முதல்நாள் கராஜில் ஆணியில் தொங்கிய ஓட்ட உடுப்பைக் கண்டேன். காற்சட்டையும் சட்டையும் ஒன்றாகத் தைத்த, தடித்த, வெளிர்ச் சாம்பல் நிற உடுப்பு. நெருப்புப் பிடித்தால் ஆளைக் காக்கிற துணி என்று தம்பி சொல்லியிருந்தான். எண்ணெய்க் கறையும் வியர்வை மணமும். கசங்கிப்போய், பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் போய், வெள்ளைக்காரர் முன்னால், கடைசி ஓட்டத்துக்கு இதையா போட்டுக்கொண்டு நிற்பது?

தம்பி சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ஊறவைத்து, அடித்துத் தோய்த்து, அலசி, சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி அதில் முக்கி எடுத்தேன். பின்வளவில் குடை மாதிரிச் சுழலும் கொடியில் போட்டேன். காய்ந்ததும் காற்சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்து அயர்ன் பண்ணினேன். என் சலவையைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொன்னது கிடையாது. மடித்து, பிளாஸ்ரிக் பையில் போட்டு, அவனுடைய பெட்டிக்குள் வைத்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளும்போது தெரியட்டும் என்று நினைத்தேன்.

லொறியில் முன்னால் மூன்று பேர், பின்னால் ட்ரெய்லரில் கார். சிட்னி முடிந்து மலை முடிந்ததும் இந்த நாட்டில் ஒன்றுமே இல்லை. ஹே என்கிற ஊருக்குக் கிட்ட வெளி தொடங்கிற்று. மரம் இல்லை, மேடு இல்லை. கோடு கீறிய மாதிரி தெரு. வீதியோரத்தில் செத்துக் கிடக்கிற கங்காருக்கள். எங்கள் ஊரில் இவ்வளவு தூரம் ஓடினால் நாலு இராணுவ முகாமும் எட்டுக் கோயிலும் வந்திருக்கும். கடலுக்குள்ளும் இறங்கியிருப்போம்.

வழியில் ஒரு பெற்றோல் கடையில் பை என்று ஒன்றை வாங்கித் தந்தார்கள். இறைச்சிக் குழம்பை மாவுக் கிண்ணத்துக்குள் ஊற்றி மூடிச் சுட்டிருந்தார்கள். மேலே தக்காளி சோஸ். உறைப்பு என்பது பெயருக்கும் இல்லை. கைப்பையில் இருந்த மிளகாய்த்தூளை எடுத்து, மூடியை உடைத்து, உள்ளே தூவிக் கலந்தேன். பக்கத்து மேசையில் இருந்த லொறிக்காரன் உற்றுப் பார்த்தான். அவனுடையதிலும் கொஞ்சம் தூவிவிட்டேன். கடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். "இவ்வளவு காலமும் தான் சாப்பிட்டது வெறும் கடதாசி எண்டு சொல்லுறார்," என்றாள் கீர்த்தி.

தென் ஆஸ்திரேலிய எல்லையில் மறித்தார்கள். பழங்களில் ஒரு ஈ இருக்கிறதாம். அதற்குப் பயந்து பழம் எதுவும் உள்ளே விடுவதில்லை. அதிகாரி என் தேசிக்காய்களைக் கண்டதும் தொட்டியைக் காட்டினார்.

"கோயில்ல தந்ததெண்டு சொல்லு," என்றேன்.

"சொல்லிட்டன் மாமி. ஈக்குச் சாமி தெரியாதாம்."

குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. தம்பியை லொறியில் ஏறச் சொல்லிவிட்டு நாலு தேசிக்காயையும் முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் கீழே வைத்தேன். "எடு," என்றேன். நாலும் சளக் என்று நசிந்தன. அதிகாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தும்புத்தடியும் அள்ளுகிற தட்டும் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் கூட்டி அள்ளித் தொட்டியில் போட்டேன். அவருடைய சட்டமும் நிறைவேறிற்று, என் காரியமும் முடிந்தது. ட்ரெய்லரில் இருந்த காருக்குச் செய்யவில்லையே என்று கீர்த்தி கேட்டாள். லொறி போகிற இடத்துக்குத்தானே அதுவும் வருகிறது என்றேன்.

போர்ட் அகஸ்டாவில் தண்ணீர்ப் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டோம். அங்கிருந்து செம்மண் தெரு. எலும்பெல்லாம் இடம் மாறின. சிவந்த குன்றுகளுக்கு நடுவில் திடீரென்று அந்த வெள்ளை தெரிந்தது. கண் கூசிற்று. கரையும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. ஏரி அந்தப் பக்கத்து ஆதிக்குடிகளுடையது. அவர்களுடைய அனுமதியோடுதான் வந்திருந்தோம். கொண்டு வந்தது எல்லாவற்றையும், அழுக்குத் தண்ணீர் உட்பட, திரும்பக் கொண்டு போக வேண்டும். உப்பில் ஒரு துளி எண்ணெய் விழக் கூடாதென்று ஒவ்வொரு காருக்கும் கீழே படங்கு விரித்திருந்தார்கள். எங்கள் கோயில் வீதியை இப்படி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் டெரி என்கிற மெல்பேர்ன்காரருடையது. பெரிய வயிறு, வெள்ளைத் தாடி. தலைமயிரை மட்டும் எண்ணெய் பூசி, அலை அலையாக மேலே வாரியிருந்தார். அவருடைய ஹொட் ரொட்டுக்குக் கூரையே இல்லை. பொனற்றும் இல்லை. எஞ்சின் வெளியில் நின்று மினுங்கியது. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு நான் பிட்டும் ரின்மீன் குழம்பும் சமைத்தேன். அவர் தட்டோடு வந்து நின்றார். சிவத்தின் அக்கா என்றால் தனக்கும் அக்காதானாம். வந்த ஆட்களுக்குள் அவர்தான் வாய்க்காரர்.

மறுநாள் காலையில் பரிசோதனை. கார், ஹெல்மெற், உடுப்பு எல்லாவற்றையும் காட்டினால்தான் ஓட விடுவார்கள். பரிசோதிக்கிறவர் லொறெய்ன் என்கிற பெண். என் வயதுதான் இருக்கும். ஓலைத்தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. முன்பு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவ என்று டெரி சொன்னார். சிரிக்கிற வழக்கம் அவவுக்கு இல்லை. காருக்குக் கீழே போய், மேலே வந்து, ஒவ்வொரு பூட்டையும் அசைத்துப் பார்த்தா. தலையாட்டினா. தம்பியின் முகம் மலர்ந்தது.

பிறகு அவன் பையைத் திறந்து உடுப்பை எடுத்தான். அது விரியவில்லை. பலகை மாதிரி வந்தது. லொறெய்ன் வாங்கித் தோளில் பிடித்து நிலத்தில் ஊன்றினா. கையை எடுத்தும் உடுப்பு கொஞ்ச நேரம் ஆள் இல்லாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவ விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டா. கீர்த்தி என்னைப் பார்த்தாள். "ஆர் தோய்ச்சது எண்டு கேக்கிறா."

"நான்தான். கஞ்சி போட்டனான். வடிவா நிக்குதல்லோ?"

கீர்த்தி அதைச் சொல்லவும் சிரிப்பு நின்றது. லொறெய்ன் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னா. கோபமாக இல்லை. கீர்த்தி சொல்லி முடிக்கவே எனக்கு விளங்கிவிட்டது. "நெருப்பைத் தாங்கிறதுக்கெண்டு செய்த துணியாம் மாமி. அதுக்கு மேல நீங்கள் நெருப்புக்குச் சாப்பாடு பூசி வைச்சிருக்கிறீங்களாம். இதோட விட ஏலாதாம்."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, உங்களை ஆர் இதைத் தொடச் சொன்னது?"

அவ்வளவுதான் கேட்டான். பிறகு போய் லொறியின் நிழலில் நிலத்தில் இருந்தான். சண்டைக் காலத்தில் காரைப் பறிகொடுத்த அன்றும் இப்படித்தான் இருந்தவன்.

டெரி தன் உடுப்பைக் கொண்டுவந்தார். தம்பி அதற்குள் இறங்க, இன்னொரு தம்பிக்கும் இடம் இருந்தது. லொறெய்ன் ஏலாது என்று தலையை ஆட்டினா. அளவான உடுப்பு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஓடுகிற வரிசையில் நின்றார்கள். மேற்கே வானத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு. நாளைக்கு மழை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை பெய்தால் இந்த வருடத்துக்கு எல்லாம் முடிந்தது. இன்றைக்கு வரிசையை மூடுவதற்குள் ஓடவேண்டும்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. உடுப்பைக் கையில் எடுத்தேன். "கஞ்சியைப் போட்டவளுக்கு எடுக்கவும் தெரியும் எண்டு அவவுக்குச் சொல்லு. எடுத்தாப் பிறகு விடுவாவோ எண்டு கேள்."

லொறெய்ன் யோசித்தா. வெந்நீர் மட்டும், சவர்க்காரம் வேண்டாம், தான் பார்த்துத் திருப்தியானால்தான் என்று பதில் வந்தது.

சோறு வடிக்கிற பெரிய பானையை அடுப்பில் வைத்தேன். தம்பி எழுந்து வந்தான். "அது குடிக்கிற தண்ணி, அக்கா."

"ஒரு நாளைக்குக் குடியாமல் இருந்தால் சாக மாட்டாய்."

அயர்ன் பண்ணிய கஞ்சி சும்மா போகாது. கொதிநீரில் ஊறவிட்டு, உட்பக்கத்தை வெளியே புரட்டி, தையல் தையலாகக் கசக்கினேன். துணி தடிப்பு, உள்ளே பஞ்சு மாதிரி அடுக்கு அடுக்காக இருந்தது. கை வெந்தது. அழுக்குத் தண்ணீரைக் கீர்த்தி வேறு பீப்பாயில் ஊற்றினாள். டெரி தன் தண்ணீர்க் கலன்களை வைத்துவிட்டுப் போனார். போதும் என்று எனக்குப் பட்டபோது லொறெய்னைக் கூப்பிட்டேன்.

அவ முதலுதவிப் பெட்டியோடு வந்தா. கைப்பகுதியைப் பிழிந்து, வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, மண்ணிறப் போத்தலில் இருந்து அயடின் ஒரு துளி விட்டா. தண்ணீர் நாவற்பழ நிறமாக மாறிற்று. கஞ்சி இருந்தால் நீலம், இல்லாவிட்டால் மண்ணிறம். கீர்த்தி விளக்கமாகச் சொன்னாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குவளையே சொல்லிற்று.

திரும்பவும் கொதிநீர். திரும்பவும் கசக்கினேன். அவ ஒரு மடிப்புக் கதிரையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே இருந்தா. இந்த முறை கழுத்துப் பட்டியில் பிழிந்தா. இளநீலம்.

"உவவுக்கு வேற வேலை இல்லையோ?" என்றேன்.

கீர்த்தி அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் லொறெய்ன் பதில் சொன்னா. "உங்களுக்குப் பிறகு நெருப்புத்தான் பரிசோதிக்குமாம். அதுக்கு முதல் தான் பாக்கிறாவாம்."

அந்தச் சொல் எனக்குப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவவை மறந்து வேலை செய்தேன். கடைசியாக அவ இடுப்புத் தையல், கக்கம், கால் நுனி என்று இடம் இடமாகப் பிழிந்து பார்த்தா. குவளையில் வெறும் தேத்தண்ணி நிறம். அப்போதும் சிரிக்கவில்லை. "காய்ந்தபிறகு கொண்டு வாருங்கள்," என்று சொல்லிவிட்டுக் கதிரையை மடித்துக்கொண்டு போனா. சலவையில் என்னைவிடக் கண்டிப்பான ஒருத்தியை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டேன்.

காய்வதுதான் பாடு. தடித்த துணி, தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கறுப்புக்கோடு வளர்ந்துகொண்டு வந்தது. டெரி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி உடுப்பைக் காட்டினார். காரில் கட்டி ஓடினால் காய்ந்துவிடுமாம். கட்டினால் பறந்துவிடாதா? நான் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்து ஆசனத்தில் ஏறி, உடுப்பைத் தோளில் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தினேன்.

எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது. சத்தம் வயிற்றுக்குள் போய் இருந்தது. ஓட்டப் பாதையை விட்டுத் தள்ளி, ஆட்கள் போய்வருகிற பக்கமாக அவர் ஓட்டினார். ஓடுகிறவர்களுக்குத்தான் வேகம், அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனாலும் எதிர்க்காற்று பலமாக இருந்தது. உடுப்பு கைகளை விரித்து ஆடிற்று. கூடாரங்களில் இருந்தவர்கள் அதற்குக் கை காட்டினார்கள். நானும் பதிலுக்குக் காட்டலாம் என்றால் கை இரண்டும் அதில். டெரி ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே வந்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். தன் மனைவி இறந்ததைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். குரல் அப்படி இருந்தது. என் மனிசன் இறந்ததை நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது என் தோள் இரண்டும் கழன்றுபோன மாதிரி இருந்தது. உடுப்பு காய்ந்திருந்தது. லொறெய்ன் கையை உள்ளே விட்டுக் கால் நுனிவரை தடவிப் பார்த்தா. பிறகு காரில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினா. ஓடலாம்.

தம்பி உடுப்பைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கசங்கிய உடுப்பு, மடிப்பு எதுவும் இல்லை. "சரியோ, அக்கா?" என்று கேட்டான். உடுப்பின் இடுப்புப் பெல்ற்றைத்தான் கேட்டான். "சரி," என்றேன்.

அந்தக் காரின் முதல் கியரே வேகத்துக்கென்று செய்தது. தானாக வெளிக்கிடாது. பின்னால் லொறியை முட்டக் கொடுத்துத் தள்ளிவிட வேண்டும். கீர்த்தி ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன். கொடி அசைந்தது. லொறி முட்டித் தள்ளிற்று. தம்பியின் ஹெல்மெற் கண்ணாடிக்குள் ஒரு உருண்டையாகத் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அவனுடைய எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் எங்களை விட்டு விலகிற்று. கீர்த்தி பக்கத்துக்கு ஒடித்தாள்.

அதற்குப் பிறகு அது ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் வெள்ளைத் தூசு. சத்தம் மட்டும் காற்றில் நீண்டது. புள்ளி நிலத்தை விட்டு எழும்பி மிதக்கிற மாதிரி இருந்தது. கானல். பிறகு அதுவும் இல்லை. நான் சாமி கும்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிட்டால் கண்ணை மூட வேண்டி வரும்.

ஏரியின் மற்றப் பக்கத்துக்குப் போகிற வழியில் லொறியில் இருந்த வானொலி ஏதோ இலக்கம் சொல்லிற்று. கீர்த்தி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதை அடித்தாள். "நூற்றி ஒண்டு மாமி! நூற்றி ஒண்டு!"

"வழியைப் பார்த்து ஓடு," என்றேன்.

தம்பி காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தான். அவனுக்கு வானொலி இல்லை, எதுவும் தெரியாது. நான் முதல் இறங்கிப் போய் யன்னலால் குனிந்தேன். கேட்காமல் என் முகத்தைப் பார்த்தான்.

"நூறைத் தாண்டிட்டாய்."

"எவ்வளவு?"

"ஒண்டு."

ஹெல்மெற்றைக் கழற்றினான். மயிர் எல்லாம் தலையோடு ஒட்டியிருந்தது. வரிசை மூட இன்னும் நேரம் இருக்கு, இன்னொருமுறை ஓடலாம் என்று கீர்த்தி சொன்னாள். அவன் பெல்ற்றைக் கழற்றி வெளியே வந்து, மேற்கே வானத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குக் காணும்," என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

காரைக் கயிறு போட்டு லொறியில் கட்டினார்கள். கட்டி இழுக்கும்போது ஒருவர் உள்ளே இருந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். தம்பி கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்கோ, அக்கா."

"Dad! மாமிக்கு லைசென்ஸ் இல்லை!"

"உப்புக்குள்ள ஆரடி பொலிஸ் நிக்கிறான்?" என்றேன், அவன் பதில் சொல்லும் முன்னமே. ஏறிவிட்டேன்.

கூரை தலையில் இடித்தது. அவன் பெல்ற்றைப் போட்டுவிட்டு, லொறியின் பின்தட்டில் ஏறி என்னைப் பார்த்தபடி இருந்தான். லொறி அசைந்தது. ஊரில் அவன் ஓட்டிய காரில் நான் எவ்வளவோ தரம் பின் சீற்றில் இருந்திருக்கிறேன். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தது இதுதான் முதல் தரம். அது நினைத்த அளவு பாரம் இல்லை. கயிறு இழுக்கிற பக்கம் போனால் போதும். தம்பி கையால் இடம் வலம் காட்டினான். பிறகு காட்டுவதை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

கார்கள் நிற்கிற இடத்தின் வாசலில் லொறெய்ன் நின்றா. கையை உயர்த்தி மறித்தா. கீர்த்தி பிரேக் பிடித்தாள். "நடுவில, அக்கா, நடுவில!" என்று தம்பி கத்தினான். நடுவில் இருந்ததை மிதித்தேன். லொறியில் இடிக்க ஒரு முழம் இருக்கக் கார் நின்றது.

லொறெய்ன் லொறியைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா, குனிந்து என்னைப் பார்த்தா. சேலை, நெற்றியில் திருநீறு, ஸ்டியரிங்கில் இரண்டு கை. யன்னல் வழியாகக் கையை விட்டு என் தோள் பெல்ற்றை இழுத்தா. தளர்வாகத்தான் இருந்தது. மூச்சு முட்ட இறுக்கினா. பிறகு தம்பியிடம் ஏதோ அதட்டினா.

அவன் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்து இறங்கித் தன் ஹெல்மெற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். என் கொண்டையை அவ தானே அவிழ்த்துவிட்டு, ஹெல்மெற்றைத் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டி, மேலே இரண்டு தரம் தட்டிப் பார்த்தா. விலகி நின்று, போகலாம் என்று கையை வீசினா.

நான் முன்னால் பார்த்தேன்.